வெட்டிய காட்டின் எடை: வாசகர் கேள்வி பதில்

நிலம் திருத்துவது, மரம் வெட்டுவது பற்றிச் சேர்ந்துபோன கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டோம்.

கேள்வி (மேலூர்): சாலையை அகலப்படுத்த எங்கள் ஊர் முக்கில் நின்ற வேம்பை வெட்டிவிட்டார்கள். வெட்டுமுன் அளந்து வைத்தேன்: சுற்றளவு 157 செ.மீ., உயரம் ஏறக்குறைய 10 மீட்டர். ‘ஒன்றுக்குப் பத்து கன்று வைத்தாயிற்று, கணக்கு நேர்’ என்கிறார்கள். நேர்தானா?

பதில்: எண்ணிக்கையில் பத்து கூடுதல்தான். எடையில் கடலும் கையளவும். நீங்கள் அளந்து வைத்தது நல்லதாயிற்று, கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 50 செ.மீ. வேப்ப மரத்தின் அடர்த்தியை ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.65 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி × விட்டம் × விட்டம் × உயரம், அதாவது 0.65 × 50 × 50 × 10 = 16,250. வெப்பமண்டல மரங்களுக்கு உலகெங்கும் பயன்படும் 2014ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி, இந்த எண்ணை 0.976 அடுக்குக்கு உயர்த்தி 0.0673 ஆல் பெருக்க வேண்டும். கைபேசிக் கால்குலேட்டரைப் படுக்கவைத்தால் அடுக்குப் பொத்தான் வரும். விடை 867 கிலோ. தண்ணீரெல்லாம் வற்றிய பிறகு மண்ணுக்கு மேலே மிஞ்சும் எடை இது. வேருக்குக் கால் பங்கு சேர்த்தால் 1,083 கிலோ. அதில் 47 விழுக்காடு கார்பன், சுமார் 509 கிலோ. அத்தனையும் எரிந்தோ மக்கியோ காற்றில் கலந்தால், 3.67 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: ஏறக்குறைய 1,870 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

இனி கன்றுகளைப் பார்ப்போம். இடுப்பளவு வேப்பங்கன்று ஒன்றை வேரோடு பிடுங்கிக் காயவைத்து நிறுத்தால் ஒரு கிலோ தேறுவதே சந்தேகம். பத்துக்கும் சேர்த்துப் பத்து கிலோ என்றே தாராளமாக வைப்போம். அந்தப் பத்தும் பிழைத்து, ஒவ்வொன்றும் 60 செ.மீ. சுற்றளவும் 7 மீட்டர் உயரமும் எட்டினால் மண்ணுக்கு மேலே தலைக்கு 93 கிலோ, மொத்தம் 930. அன்றைக்குத்தான் கணக்கு நேர். நம் பக்கத்துச் சாலையோர வறட்சியில் அதற்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். நான்கு மட்டும் பிழைத்தால் பாதிகூடத் தேறாது. ஆகவே எத்தனை நட்டார்கள் என்று கேட்காதீர்கள். மூன்றாம் கோடை முடிந்ததும் எத்தனை நிற்கின்றன என்று கேளுங்கள். இரண்டடிக்கு இரண்டடிக் குழி, ஆடு எட்டாத கூண்டு, முதல் இரண்டு கோடையிலும் வாரம் ஒருமுறை 15 லிட்டர் தண்ணீர். இதற்கு ஆள் யார் என்பது முடிவாகாமல் நட்ட கன்று போட்டோவுக்கு நட்டதுதான்.

அளப்பவர்கள் தவறும் இடங்கள் சில உண்டு. சுற்றளவை நெஞ்சுயரத்தில், தரையிலிருந்து 1.3 மீட்டரில் எடுக்க வேண்டும். புடைப்போ முண்டோ இருந்தால் அதற்குச் சற்று மேலே போங்கள். உயரத்துக்கு நிழல் கணக்கே போதும்: ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 80 செ.மீ., மரத்தின் நிழல் 8 மீட்டர் என்றால் உயரம் 10 மீட்டர். சாலையோரப் பழம்புளிகள் பலவும் உள்ளே பொந்து விழுந்தவை, அவற்றுக்கு இந்தக் கணக்கு கூடுதலாகக் காட்டும். அடியிலேயே பல கிளையாகப் பிரியும் மரத்துக்கு ஒவ்வொரு தண்டின் விட்டத்தையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். பனைக்கு இந்தச் சமன்பாட்டை எடுக்கவே வேண்டாம். பனை உயரும், ஆனால் வேம்பைப்போல ஆண்டுக்காண்டு பருக்காது.

பொது இடத்து மரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு 2021 முதல் இருக்கிறது. மரத்தில் பெயிண்டால் எண் எழுதிய அன்றே அங்கே மனு போய்விட வேண்டும். ரம்பம் வந்த பிறகு போகும் மனுவுக்குப் பயனில்லை.

கேள்வி (திருமங்கலம்): மூன்று ஏக்கர் கரிசல் புஞ்சை, பத்து ஆண்டாகத் தரிசு. சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. ‘ஜேசிபி விட்டு வழித்து, குமித்துக் கொளுத்திவிடலாம், சாம்பல் உரமாகிவிடும்’ என்கிறார் குத்தகைக்காரர். செய்யலாமா?

பதில்: அவர் சொல்வதில் கால்வாசி உண்மை. சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசும் இருக்கின்றன. தழைச்சத்தின் (நைட்ரஜனின்) பெரும்பகுதி புகையோடு போய்விடும். சீமைக்கருவேல் வேர்முடிச்சு வழியாகக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து இலையில் சேர்க்கும் மரம். பத்து ஆண்டாக அது சேர்த்ததை ஒரே மாலையில் வானத்துக்கு அனுப்புகிறீர்கள். மிஞ்சும் சாம்பலும் கடும் காரம். கரிசல் ஏற்கெனவே காரப் பக்கம் சாய்ந்த மண், அதற்கு மேலும் காரம் எதற்கு? போதாததற்கு, மேல்காற்று ஒருமுறை அடித்தால் சாம்பலில் பாதி பக்கத்துக் காட்டுக்காரருக்கு.

குமித்துக் கொளுத்திய இடத்தைக் கிண்டிப் பாருங்கள். கறுப்பு மண் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும், கட்டிகள் சூளையில் வெந்ததுபோல் இறுகியிருக்கும். சாம்பலை ஒதுக்கிவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து நொடிக்கு மேல் முத்தாக நின்றால் அந்த மண் தண்ணீரைத் தள்ளுகிறது என்று அர்த்தம். எரிந்த தழையிலிருந்து வந்த மெழுகு போன்ற பொருள் மண்துகளில் படிவதால் வருவது இது. அங்கே மழை இறங்காது, ஓடும்.

வேறு எப்படித் திருத்துவது? காய் பழுத்து உதிருமுன் வெட்டுங்கள். காயைத் தின்ற ஆடு மாடுகளின் சாணம் வழியே விதை ஊரெல்லாம் போகும், வயிற்றில் ஊறி வந்த விதை இன்னும் சுறுசுறுப்பாக முளைக்கும். விரல் தடிமனுக்கு மேற்பட்ட கட்டையை விறகுக்கோ கரிக்கோ விற்றுவிடுங்கள், வெட்டுக்கூலியில் ஒரு பகுதி அதிலேயே திரும்பும். தரையோடு வெட்டினால் மட்டும் சாகாது. துளிர்க்கும் கண்கள் தரைக்குச் சற்றுக் கீழே வேர்த்தூரின் கழுத்தில் இருக்கின்றன. கடப்பாரையால் சுற்றிப் பறித்து, ஒரு அடி ஆழத்தில் வேரை அறுக்க வேண்டும். பெரிய தூர்களுக்கு ஜேசிபி வேண்டும்தான். ஆனால் வாளியின் பல்லால் தூரைக் கெல்லி எடுக்கச் சொல்லுங்கள், வாளியைப் படுக்கப்போட்டு நிலத்தை வழிக்க விடாதீர்கள். மணிக்கணக்கில் கூலி என்பதால் ஓட்டுநருக்கு வழிப்பது சுலபம், உங்களுக்கு அதுதான் பெரிய நட்டம். ஒரு மழை பெய்து, மண் காலில் ஒட்டாத ஈரத்தில் இறக்குங்கள். சேற்றில் இறக்கினால் கரிசல் இறுகிப்போகும். குழி மூடும்போது அடிமண் அடியில், மேல்மண் மேலே.

மிஞ்சுவது முள்ளும் சுள்ளியும். கொளுத்தத் தூண்டுவது இதுதான், டிராக்டர் டயருக்கு இதைவிடப் பகை வேறில்லை. இதைக் கரிக்குழியில் போடுங்கள். மேல்வாய் ஐந்தடி, ஆழம் இரண்டரை அடி, அடி குறுகிய கூம்புக் குழி ஒன்று வெட்டுங்கள். சுள்ளி மூன்று நான்கு வாரம் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாக இருந்தால் வெண்புகை கிளம்பும். அடியில் சிறு தீ மூட்டி, ஓர் அடுக்கு சுள்ளி போடுங்கள். அதன் மேல் வெள்ளைச் சாம்பல் படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. மேலடுக்கின் சுடர் கீழிருந்து வரும் புகையை எரித்துவிடும், கீழே போன கட்டை காற்றில்லாமல் கரியாக நின்றுவிடும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைக்க வேண்டும். இரண்டு டிரம் தண்ணீரைப் பக்கத்தில் நிறைத்து வைத்த பிறகே தீக்குச்சியை உரசுங்கள். மண்ணைப் போட்டு அரைகுறையாக மூடிவிட்டுப் போனால் இரவெல்லாம் கனன்று காலையில் சாம்பல்தான் இருக்கும். காய்ந்த சுள்ளி ஒரு டன்னுக்கு 150 முதல் 200 கிலோ கரி கிடைக்கும். இந்தக் கரி மண்ணில் பல பத்தாண்டு மக்காமல் கிடக்கும். அப்படியே வயலில் போடாதீர்கள், மண்ணிலுள்ள சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நொறுக்கி, சாணிக் கரைசலிலோ தொழுவுரத்திலோ இரண்டு வாரம் ஊறவைத்துப் போடுங்கள்.

கடைசியாக, வெறும் நிலமாக ஒரு மழையையும் பார்க்க விடாதீர்கள். மண்ணில் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும் கருவேல் விதைகள் கிளறியதும் எழுந்துவிடும். ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ சணப்பை, அல்லது 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் கருவேல் நாற்றை ஈரத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம். இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் பிடுங்க வேண்டியிருக்கும்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): சீமைக்கருவேலும் மரம்தானே? அதை வெட்டினாலும் கார்பன் போகத்தானே செய்யும்? பிறகு ஏன் எல்லோரும் வெட்டச் சொல்கிறார்கள்?

பதில்: போகத்தான் செய்யும். காற்றுக்கு வேம்பின் கார்பனும் தெரியாது, கருவேலின் கார்பனும் தெரியாது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் வந்த மரம் இது. விறகுப் பஞ்சத்தைத் தீர்த்தது. பின்னர் கண்மாயையும் ஓடையையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்து, கீழே புல்லைக்கூட முளைக்கவிடாமல் நின்றுவிட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தொடங்கிய வழக்கில் தென்மாவட்டங்களில் அகற்ற உத்தரவு வந்தது, 2017இல் ஆய்வு வேண்டும் என்று இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றுவதோடு நிற்காமல் அந்த இடத்தில் இயற்கைத் தாவரங்களை மீட்பதும் அந்தக் கொள்கையில் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் கருத்து: அகற்றலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்காக. முதல் பட்டையை வெட்டி அங்கே நட்ட வேம்பும் புங்கனும் வெள்வேலும் வேர் பிடித்த பிறகு அடுத்த பட்டை. ஒரே வாரத்தில் நூறு ஏக்கரை மொட்டையாக்கிவிட்டு ‘ஒழித்துவிட்டோம்’ என்பது எடைக் கணக்கில் முழு நட்டம். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் கருவேலே முதலில் தலைகாட்டும்.

உங்கள் கல்லூரி வளாகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க விரும்பினால், 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு கட்டி ஒதுக்குங்கள், இரண்டரை சென்ட் வரும். வெட்டப்போகும் இடமாக இருந்தால் அதில் உள்ள அத்தனையையும் வெட்டிப் பச்சையாக நிறுத்துக்கொள்ளுங்கள். கிளை, இலை, தண்டு கலந்து ஒரு கிலோ மாதிரி எடுத்து, ஆய்வகச் சூட்டடுப்பில் 105 டிகிரியில் எடை குறையாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். ஒரு கிலோ 550 கிராம் ஆனால் மொத்தப் பச்சை எடையையும் 0.55 ஆல் பெருக்குங்கள். ஏக்கர் கணக்குக்கு 40.5 ஆல் பெருக்குங்கள். வெயிலில் மட்டும் காயவைத்தால் பத்து விழுக்காடு ஈரம் மிஞ்சும், அதையும் கழிக்க வேண்டும். ஒரே சதுரத்தோடு நிறுத்தாமல் அடர்ந்த இடம், கலைந்த இடம் என்று நான்கைந்தாவது எடுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): காடு திருத்திய முதல் வருடம் சோளம் ஆள் உயரம் வந்தது. மூன்றாம் வருடம் முழங்காலோடு நின்றுவிட்டது. அதே விதை, அதே உரம்.

பதில்: முதல் வருடம் நீங்கள் அறுத்தது காட்டின் சேமிப்பை. அறுபட்ட வேர்கள் மண்ணுக்குள் மக்கும்போதும், உழுது காற்றுப் பட்டு மட்கு வேகமாகச் சிதையும்போதும் தழைச்சத்து மொத்தமாக வெளிவரும். காட்டை உழவு நிலமாக்கினால் மண்ணிலுள்ள கரிமத்தில், அதாவது கார்பனில், கால்பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்குவரை சில பத்தாண்டுகளில் போய்விடுவது பொதுவாகக் காணப்படுவது. அதிலும் முதல் சில ஆண்டுகளில்தான் வேகம்.

மண்வள அட்டையில் ‘கரிமம்’ என்ற வரியைப் பாருங்கள். ஓர் ஏக்கரின் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 850 டன். அட்டையில் 0.6 விழுக்காடு என்று இருந்தது 0.5 ஆனால், பார்வைக்குச் சின்ன மாற்றம், ஆனால் 850 கிலோ கார்பன் போயிருக்கிறது. அதைத் திரும்பப் பிடிப்பது அவ்வளவு லேசில்லை. ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டால் அதிலுள்ள கார்பன் அரை டன்னுக்குச் சற்று மேலே இருக்கும், அதிலும் பெரும்பகுதி ஒரு வருடத்துக்குள் சிதைந்துவிடும். ஆண்டுதோறும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியது அதனால்தான்.

உங்கள் நிலத்தில் வேறொன்றையும் சந்தேகப்படுகிறோம். திருத்தும்போது ஜேசிபி வழித்த மண் வேலியோரம் மேடாகக் கிடக்கிறதா? கிடந்தால் மண்வெட்டியால் வெட்டிப் பாருங்கள். வேரும் சருகும் கலந்த கருத்த மண் தெரிந்தால் அதுதான் உங்கள் மேல்மண். ஒரு அங்குலம் வழித்திருந்தாலே ஏக்கருக்கு 36 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). விலை கொடுத்து வாங்க வேண்டிய மண்ணைக் கூலி கொடுத்து ஓரத்தில் தள்ளியிருக்கிறீர்கள். கோடையில் அதைத் திரும்ப இழுத்துப் பரப்புவதுதான் முதல் வேலை, உரம் அப்புறம்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். வயலில் ஒன்று, உழாத வேலியடியில் ஒன்று என நெல்லிக்காய் அளவு காய்ந்த கட்டி இரண்டை எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். வேலியடிக் கட்டி பத்து நிமிடம் கழித்தும் உருவோடு இருக்க, வயல் கட்டி உடனே கரைந்து கலங்கினால் மண்ணைப் பிடித்து வைக்கும் மட்கு தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி): மலையடிவாரத்தில் எங்கள் ஊருக்கு மேலே சரிவை வழித்து மனை போடுகிறார்கள். கீழே கண்மாய் இரண்டு மழையில் தூர்ந்துவிட்டது. சம்பந்தம் உண்டா?

பதில்: நேரடிச் சம்பந்தம். இலையும் சருகும் மழைத்துளியின் அடியைத் தாங்கும், வேர் விட்ட துளை தண்ணீரை உள்ளே இறக்கும். இரண்டும் போனால் மழை மண்ணை அடித்துக் கலக்கி, துவாரங்களை அடைத்து, மேலோடாக ஓடும். முன்பு இரண்டு நாளில் வடிந்து வந்த தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் செந்நீராக வந்துவிடும். மாசியில் ஊற்று இருக்காது.

சரிவுக்குக் குறுக்கே, சமமட்டமாக, 10 மீட்டர் அகலப் பட்டைகளை வெட்டாமல் விட்டாலே மண் பெருமளவு நிற்கும். வெட்டிய முட்கிளைகளைக் கட்டுக் கட்டாக்கி ஓடைக்குக் குறுக்கே கட்டை அடித்துப் பதியுங்கள். ஓடை பிறக்கும் மேல்முனையிலிருந்து தொடங்க வேண்டும். கீழே மட்டும் கட்டினால் முதல் வெள்ளம் பிய்த்துக்கொண்டு போகும். கண்மாயில் சேர்ந்த வண்டல் உங்கள் ஊர்ப் புஞ்சைக்கு நல்ல உரம், வட்டாட்சியர் அனுமதியோடு அள்ளலாம்.

கேள்வி (பேரையூர்): சொந்தப் பட்டா நிலத்துப் பனையை வெட்ட அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். செங்கல் சூளைக்காரர் விலை பேசினால் முதலில் அந்தத் தாளைக் கேளுங்கள்.

கேள்வி (அ.வல்லாளப்பட்டி): அரிட்டாபட்டி மலையில் பெரும்பாலும் பாறைதானே, மரம் குறைவு. எடைக் கணக்குப்படி அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வந்திருந்தாலும் இழப்பு குறைவு என்று ஒருவர் வாதாடுகிறார். என்ன சொல்வது?

பதில்: எடைக் கணக்கு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதற்கு நல்ல உதாரணம். அமேசான் மழைக்காட்டில் ஒரு ஹெக்டேருக்கு 300 டன் அளவுக்கு உலர் எடை நிற்கும். நம் முட்புதர்க் காட்டில் அதில் சிறு பங்குதான். கார்பன் மட்டுமே பேச்சென்றால் அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அரிட்டாபட்டியில் பாறை பிடித்துத் தரும் மழைநீர்தான் சொத்து. ஏழு குன்றுகள், அவற்றின் சுனைகள், கீழே வரிசையாக ஏரிகள் என்று பிணைந்த அமைப்பு அது. குன்றை உடைத்தால் நட்டுச் சரிசெய்ய வழியில்லை. லகுடு வல்லூறு கூடு கட்டுவதும் அந்தப் பாறை இடுக்குகளில்தான். 2022 நவம்பரில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது எடை பார்த்து அல்ல. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ரத்து செய்ததும் மரக்கணக்குப் போட்டு அல்ல. மரத்தை எடையால் அளங்கள், பாறையை அதன் தண்ணீரால் அளங்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (நத்தம் சாலை): கொளுத்தக்கூடாது என்று நீங்கள் எழுதியதைப் படித்து, வெட்டிய மரத்தைத் துண்டாக்கும் எந்திரத்தில் போட்டு, அந்தத் தூளைக் கத்தரிப் பாத்தியில் கலந்து கொத்திவிட்டேன். செடியெல்லாம் மஞ்சளடித்துவிட்டது.

பதில்: போட்டது சரி, கொத்திவிட்டதுதான் தவறு. மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூற்றுக்கணக்கான பங்கு கார்பன் இருக்கிறது. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும், அவை கத்தரியோடு போட்டி போட்டு மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இப்போதைக்குக் கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ, புளித்த மாட்டுச் சிறுநீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்தோ வாரம் ஒருமுறை வேரடியில் ஊற்றுங்கள். புதுத் துளிர் பச்சையாக வந்தால் சரியாகிறது என்று அர்த்தம், பழைய இலை பச்சையாகாது.

மிச்சத் தூளை மண்ணில் கலக்காமல் மேலே மட்டும் மூடாக்காகப் பரப்புங்கள். மூன்று அங்குலக் கனம் போதும், தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விடுங்கள். தண்டோடு அணைத்துக் குவித்தால் அடி அழுகும், கறையானும் ஏறும்.